லாட்ஜ் வைஃபை: அறைக்கு 2 எம்பி என்று கட்டிவிடுவதற்கு முன்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியும். வேலூரில் சிஎம்சி மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் உங்கள் மாமா லாட்ஜ் நடத்துகிறார். மூன்று மாடி, 36 அறை. கேபிள்காரர் கொடுத்த 100 எம்பி (நொடிக்கு 100 மெகாபிட்) ஃபைபர். தங்குகிறவர்களில் முக்கால்வாசி மேற்கு வங்கம், வடகிழக்கு, வங்கதேசம் பக்கத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்களும் கூடத் துணைக்கு வந்தவர்களும். ராத்திரி 8 மணிக்கு மேல் எல்லோரும் ஊருக்கு வீடியோ கால் போடுகிறார்கள். முகம் உறைந்து நிற்கிறது, குரல் விட்டுவிட்டு வருகிறது, ரிசப்ஷனில் தினமும் சத்தம். காலையில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 90க்கு மேல் காட்டுகிறது. ராத்திரியிலும் 40, 50 வருகிறது. கேபிள்காரர் 200க்கு மாறச் சொல்கிறார். நீங்கள் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளைப் போட்டு வைத்துக்கொண்டு மூன்று யோசனை கேட்கிறீர்கள்: அறைக்கு 2 எம்பி என்று கட்டிவிடலாமா, வாட்ஸ்அப்புக்கு முன்னுரிமை விதி எழுதலாமா, ராத்திரியில் யூடியூபை அடைத்துவிடலாமா?

மூன்றும் வேண்டாம் என்பதுதான் என் பதில். 200க்கும் இப்போது போக வேண்டாம். உங்களிடம் வேகத்துக்குப் பஞ்சம் இருப்பதாகத் தெரியவில்லை. டேட்டா காத்து நிற்கும் வரிசை தவறான இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். அதைப் பிடித்து உங்கள் பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டால், மற்றதெல்லாம் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

ராத்திரியிலும் ஸ்பீட் டெஸ்ட் 40 காட்டுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரு வாட்ஸ்அப் குரல் அழைப்புக்குச் சில பத்து கேபிதான் (நொடிக்குக் கிலோபிட்) தேவை. வீடியோ என்றாலும் ஒரு எம்பி, மிஞ்சினால் கொஞ்சம் கூட. அப்புறம் ஏன் அறுந்து போகிறது? அழைப்பு கேட்பது அகலத்தை அல்ல, நேரத்தை. குரல் பெரும்பாலும் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு சின்ன பாக்கெட்டாக, அதாவது டேட்டா பொட்டலமாகப் போகிறது. அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் 150 மில்லிசெகண்டுக்குள் போய்ச் சேர்ந்தால் பேச்சு இயல்பாக இருக்கும், 400ஐத் தாண்டினால் தாங்காது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. ஸ்பீட் டெஸ்ட் இந்த நேரத்தைப் பெரிதாகக் காட்டுவதில்லை. ஒரே சமயத்தில் பல இணைப்பு திறந்து, கிடைத்த அகலத்தை வாரிக்கொண்டு ஒரு எண்ணைக் காட்டிவிட்டுப் போய்விடும்.

அந்த நேரம் எங்கே தொலைகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. முழு அளவு பாக்கெட் 1500 பைட், அதாவது 12,000 பிட். 10 எம்பி வழியில் அது ஒன்று வெளியேற 1.2 மில்லிசெகண்ட் ஆகும். லினக்ஸ் இயங்குதளத்தில் ஈதர்நெட் அட்டைக்கு நெடுங்காலமாக இருந்த வரிசை நீளம் 1000 பாக்கெட். அந்த வரிசை நிரம்பினால், கடைசியில் வந்து சேர்கிற குரல் பாக்கெட் 1.2 செகண்ட் காத்திருக்க வேண்டும். எதுவும் தொலைந்துபோகவில்லை, வேகமும் குறையவில்லை, ஆனால் அழைப்பு செத்துவிட்டது. மோடம், ஃபைபர் பெட்டி, கேபிள்காரர் பக்கத்துப் பெட்டி என்று வழியெங்கும் இப்படிப் பெரிய பெரிய வரிசைகளை வைத்திருக்கிறார்கள். மெமரி மலிவானதால் வந்த வினை. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற கணினிப் பொறியாளர் தன் வீட்டு நெட்டை ஆராயப்போய் இதைப் பெரிய பிரச்சினையாக எழுப்பினார். இந்த வரிசை வீக்கத்துக்குப் பஃபர்புளோட் என்ற பெயரும் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்தது.

வரிசை ஏன் நிரம்புகிறது? இணையத்தில் கோப்புகளைக் கொண்டுசேர்க்கும் டிசிபி என்ற நெறிமுறை அப்படித்தான் வேலை செய்கிறது. பாக்கெட் தொலையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், தொலைந்ததும் குறைத்துக்கொள்ளும். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில், 400 கஜ தூரத்தில், 32 கேபி வழி நொடிக்கு 40 பிட்டாகச் சரிந்துபோனது. அதைப் பார்த்துவிட்டு வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் செய்து கொடுத்த ஏற்பாடு இது. தொலைவதுதான் டிசிபிக்கு எச்சரிக்கை. வரிசை மிகப் பெரிதாக இருந்தால் அந்த எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேராது. உங்கள் லாட்ஜில் யாரோ ஒருவர் போனில் ராத்திரி புகைப்பட பேக்அப் ஓடுகிறது. இன்னொருவர் எம்ஆர்ஐ சிடியை ஊர் டாக்டருக்கு அனுப்ப லேப்டாப்பிலிருந்து ஏற்றுகிறார், அது சில நூறு மெகாபைட் இருக்கும். இந்த இரண்டு பேர் போதும், மொத்த லாட்ஜின் பதிவேற்றமும் வரிசையில் நின்றுவிடும். பெரும்பாலும் இறக்கத்தைத்தான் (டவுன்லோடு) எல்லோரும் பார்ப்பார்கள். நான் பார்த்த லாட்ஜ், ஹாஸ்டல்களில் கெடுவது பெரும்பாலும் ஏற்றம்தான்.

இப்போது உங்கள் முதல் யோசனைக்கு வருகிறேன். 36 அறைக்கு 2 எம்பி என்றால் 72. மீதி 28 எப்போதும் சும்மா கிடக்கும். பகல் 11 மணிக்கு எல்லோரும் மருத்துவமனையில் இருக்கும்போது, அறையில் தனியாக இருக்கிறவருக்கும் அதே 2தான். இது தெரிந்த நஷ்டம். தெரியாத நஷ்டம் ஒன்று இருக்கிறது. ஓபிஎன்சென்ஸில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியான ஷேப்பர், டம்மிநெட் என்ற பழைய இயந்திரத்தின் மேல் ஓடுகிறது. இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் லூய்ஜி ரிஸ்ஸோ 1997இல் நெட்வொர்க் நெறிமுறைகளைச் சோதித்துப் பார்க்க எழுதியது. அதில் ஒரு பைப் (வேகம் குறித்த குழாய்) போட்டு வேறெதையும் தொடாமல் விட்டால், வரிசை 50 பாக்கெட் கொள்ளும், முதலில் வந்தது முதலில் போகும். 2 எம்பியில் ஒரு பாக்கெட்டுக்கு 6 மில்லிசெகண்ட், 50க்கு 300. அதாவது அறையில் ஒரு போன் படம் ஏற்றினால், அதே அறையில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறவரின் அழைப்புக்கு நீங்களே 300 மில்லிசெகண்ட் தாமதத்தைக் காசு செலவழித்து வாங்கிக் கொடுத்ததாக ஆகும். ‘வேகம் கட்டிவிட்டேன், இருந்தும் அறுகிறது’ என்று ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து அலுவலகங்களிலிருந்து எனக்கு வரும் புகாரில் பாதி இந்த வகைதான்.

சரி, என்ன செய்வது? இரண்டு காரியம், ஒன்றன்பின் ஒன்றாக.

ஒன்று, நெருக்கடியை உங்கள் கேட்வேக்கு, அதாவது நெட் உள்ளே வரும் வாசலான அந்த டெஸ்க்டாப்புக்கு, நகர்த்த வேண்டும். ஃபைபர் தாங்குவது 92 என்றால் கேட்வே 85க்கு மேல் விடக்கூடாது. அப்போது ஃபைபர் பெட்டியில் வரிசையே நிற்காது. நிற்பதெல்லாம் உங்கள் டெஸ்க்டாப்பில் நிற்கும், அங்கே நீங்கள் வைத்ததுதான் சட்டம். இந்த 7 எம்பியை விட்டுக்கொடுக்க மனசு வராதவர்கள்தான் அதிகம். ‘காசு கொடுத்து வாங்கினதை நானே ஏன் சார் குறைக்கணும்?’ என்பார்கள். குறைக்காவிட்டால் வரிசை மறுபடி அடுத்தவன் பெட்டிக்குப் போய்விடும், உங்கள் விதி எதுவும் அங்கே செல்லாது.

இறக்கத்தில் ஒரு சந்தேகம் வரும். வந்து சேர்ந்துவிட்ட பாக்கெட்டை இங்கே நிறுத்தி என்ன பயன், அது ஏற்கெனவே ஃபைபரைக் கடந்துவிட்டதே? நியாயமான கேள்வி. அந்த ஒரு பாக்கெட்டுக்குப் பயன் இல்லைதான். ஆனால் நீங்கள் அதைத் தாமதித்தாலோ கீழே போட்டாலோ (அனுப்பாமல் கழித்துவிட்டாலோ), மறுமுனையில் அனுப்புகிறவன் வேகத்தைக் குறைத்துக்கொள்வான், அடுத்தடுத்து வருவது மட்டுப்படும். இது மறைமுகக் கட்டுப்பாடு, ஏற்றத்தைப் போல உறுதியானது அல்ல. அதனால்தான் இறக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட வேண்டும்: ஏற்றத்துக்கு அளந்த வேகத்தில் 95 சதவீதம், இறக்கத்துக்கு 90ஐ ஒட்டி என்று தொடங்குங்கள்.

இரண்டு, அந்த வரிசையை அறிவோடு நடத்த வேண்டும். இங்கேதான் கடந்த பதினைந்து வருடங்களில் நல்ல வேலை நடந்திருக்கிறது. 1993இல் சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் ரெட் என்ற முறையைக் கொடுத்தார்கள். வரிசை நீளத்தைப் பார்த்து முன்கூட்டியே சிலதைக் கீழே போடும். யோசனை நல்லது, ஆனால் அதற்கான எண்களைச் சரியாக வைக்கப் பெரும்பாலானவர்களால் முடியவில்லை, அதனால் அணைத்தே வைத்தார்கள். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் கோடெல் கொண்டுவந்தார்கள். நீளத்தை அது பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் உள்ளே வரும்போது நேரத்தைக் குறித்துக்கொள்ளும், வெளியே போகும்போது எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது என்று பார்க்கும். 100 மில்லிசெகண்ட் முழுக்க யாருமே 5 மில்லிசெகண்டுக்குள் வெளியேறவில்லை என்றால், இது தற்காலிக நெரிசல் அல்ல, நிரந்தரமாகத் தேங்கியது என்று முடிவுகட்டி ஒன்றைக் கீழே போடும். தேக்கம் தீராவிட்டால் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போய் அடிக்கடி போடும். வேகம் 5 எம்பியானாலும் 500 எம்பியானாலும் அதே 5, அதே 100. நீங்கள் திருக வேண்டிய திருகு எதுவும் இல்லை, அதுதான் அதன் அழகு.

அதோடு எரிக் டுமாசே அதே 2012இல் லினக்ஸ் 3.5க்குச் சேர்த்தது எஃப்க்யூ கோடெல். ஒரே வரிசைக்குப் பதில் 1024 சின்ன வரிசை, ஒவ்வொரு இணைப்பும் ஏதோ ஒன்றில் விழும், எல்லாவற்றிலிருந்தும் முறை வைத்து எடுக்கும். மருத்துவமனை வாசல் மருந்துக்கடையில் ஐம்பது மருந்துச் சீட்டோடு நிற்கிறவருக்கும் ஒரு பட்டை மாத்திரை கேட்கிறவருக்கும் ஆளுக்கு ஒரு மருந்தாக மாற்றி மாற்றிக் கொடுத்தால் எப்படியோ அப்படி: ஒன்று கேட்டவர் உடனே போய்விடுவார், ஐம்பது கேட்டவருக்கும் மொத்தத்தில் நஷ்டமில்லை. அதற்கும் மேலே ஒரு நுட்பம் இருக்கிறது. வரிசையில் ஏற்கெனவே ஒன்றும் தேங்காத, எப்போதோ ஒரு பாக்கெட் அனுப்புகிற இணைப்பை இது முன்னால் விட்டுவிடும். குரல் அழைப்பு, தளத்தின் முகவரி தேடும் டிஎன்எஸ் விசாரணை, கேம் எல்லாம் அந்த ரகம். ஆகவே வாட்ஸ்அப் எது, ஐமோ எது என்று தெரியாமலே அவற்றுக்கு முன்னுரிமை கிடைத்துவிடுகிறது. உங்கள் இரண்டாவது யோசனைக்கு அங்கேயே வேலை போய்விட்டது.

முன்னுரிமை விதி எழுதுவதில் எனக்கு நம்பிக்கை போய்ப் பல காலமாகிறது. எல்லாம் மறைகுறியாக்கத்தில் போகிறது. யூடியூப் க்விக் என்ற நெறிமுறை மூலம் யூடிபி 443 என்ற போர்ட்டில் (இணைப்புக் கதவு) போகிறது, இன்னும் எத்தனையோ சேவைகளும் அதே கதவில் போகின்றன. போர்ட் எண் வைத்துப் பிரிப்பதெல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம். பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலில் ஹெச்எஃப்எஸ்சி என்ற வரிசை முறையைப் போட்டு இருபது வரிசை, அறுபது விதி எழுதி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு அதைத் தொட ஒருவருக்கும் தைரியம் இருக்காது. யூடியூபை அடைப்பது அதைவிட மோசம். அறுவைசிகிச்சை தேதிக்காக மூன்று வாரமாக ஒரே அறையில் காத்திருக்கிறவருக்கு அதுதான் துணை. அது கிடைக்கிற அகலத்துக்கு ஏற்பத் தரத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும் பண்புள்ள வண்டி, பங்கு சரியாகப் போனால் யாருக்கும் தொந்தரவு தராது.

இப்போது உங்கள் பெட்டி. ஓபிஎன்சென்ஸில் இதைச் செய்யலாம்: ஷேப்பரில் இறக்கத்துக்கு ஒரு பைப், ஏற்றத்துக்கு ஒரு பைப், இரண்டிலும் ஷெட்யூலராக ஃப்ளோக்யூ கோடெல் (எஃப்க்யூ கோடெலுக்கு அங்குள்ள பெயர்), ஒவ்வொன்றுக்கும் ஒரு க்யூ, பிறகு வான் (வெளி இணையப் பக்க) இடைமுகத்தில் உள்ளே, வெளியே என்று இரண்டு விதி. பத்து நிமிட வேலை, உடனே பலன் தெரியும். ஒரு குறை உண்டு. அது பங்கு போடுவது இணைப்புக்கு இணைப்பு, ஆளுக்கு ஆள் அல்ல. ஒருவர் டொரெண்ட் போட்டு 200 இணைப்பு திறந்தால் அவருக்கு 200 பங்கு. வீட்டில் இது பெரிய விஷயமில்லை, தட்டிக் கேட்டுவிடலாம். முன்பின் தெரியாத 36 குடும்பம் தங்கும் இடத்தில் இது முக்கியம்.

அதனால் உங்கள் இடத்தில் நானாக இருந்தால் அந்த டெஸ்க்டாப்பில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளின், சாதாரணக் கணினியில் ஓடும் எக்ஸ்86 பதிப்பைப் போட்டு, கேக் என்ற வரிசை ஏற்பாட்டைப் பயன்படுத்துவேன். ஓபிஎன்சென்ஸ் நல்ல ஃபயர்வால், மறுப்பில்லை. ஆனால் அது ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளக் குடும்பம், கேக் லினக்ஸில் மட்டுமே இருக்கிறது. ஜோனதன் மார்ட்டன், டேவ் டாட், டோகே ஹொய்லண்ட்-யோர்கென்சன் முதலியவர்கள் சேர்ந்து உருவாக்கியது, 2018இல் லினக்ஸ் 4.19இல் சேர்ந்தது. பஃபர்புளோட்டுக்கு எதிராக ஊர் ஊராகப் பேசித் திரிந்த டேவ் டாட் 2025இல் காலமானார். நம் நெட் இழுபறி இல்லாமல் ஓடுகிற இடங்களில் அவர் கைவண்ணம் நிறைய இருக்கிறது. கேக் முதலில் ஆளுக்கு ஆள் பங்கு போடும், பிறகு ஒருவரின் பங்குக்குள் இணைப்புக்கு இணைப்பு. டொரெண்ட்காரர் 200 இணைப்பு திறந்தாலும் அவர் ஒரு ஆள்தான். நான்கு பேர் மட்டும் இருக்கும்போது நான்காகப் பிரியும், நாற்பது பேர் வந்தால் நாற்பதாக. நீங்கள் கேட்ட ‘அறைக்கு இவ்வளவு’ என்பதன் நியாயமான வடிவம் இதுதான். எண் எதுவும் எழுதி வைக்க வேண்டாம்.

ஓபன்டபிள்யூஆர்டியில் வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் என்ற பொதியை நிறுவினால் மெனுவிலேயே வந்துவிடும். இடைமுகமாக வானைக் கொடுங்கள், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைகிற பிபிபிஓஇ என்றால் அந்த இடைமுகத்தை. வேகம் இரண்டையும் கிலோபிட்டில் எழுத வேண்டும், 85 எம்பி என்றால் 85000. டிசிப்ளின் கேக், ஸ்கிரிப்ட் ‘பீஸ் ஆஃப் கேக்’. மேம்பட்ட அமைப்பைத் திறந்தால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனியே சேர்க்கும் பெட்டிகள் இருக்கும். ஏற்றத்தில் அனுப்புகிற ஆளை வைத்தும், இறக்கத்தில் பெறுகிற ஆளை வைத்தும் பிரிக்கச் சொல்லுங்கள்: முறையே ‘டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட்’, ‘டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட்’. இரண்டிலும் ‘நாட்’ சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் வான் பக்கத்தில் எல்லோரும் ஒரே முகவரியாகத் தெரிவார்கள், ஆள் பிரிப்பு நடக்காது. இறக்கத்தில் ‘இன்க்ரெஸ்’ என்பதையும் சேருங்கள், கீழே போட்ட பாக்கெட்டும் ஃபைபரைக் கடந்துதான் வந்தது என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் மேல்செலவு என்று 44 பைட் வைத்துவிடுங்கள். பிபிபிஓஇயும், நெட்டைப் பிரிக்கப் போடும் விலான் குறியும் இருந்தாலும் அதற்குள் அடங்கிவிடும்.

இதையெல்லாம் செய்துவிட்டு, ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, உங்கள் லாட்ஜிலும் அது இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். மாடிக்கு மாடி வைஃபை பெட்டி வைத்திருப்பீர்கள். கடையில் வாங்கும் சாதாரண ரவுட்டர், அதன் வான் ஓட்டையில் கீழிருந்து வரும் கேபிள். அப்படியென்றால் ஒவ்வொரு ரவுட்டரும் தன் மாடி முழுவதையும் ஒரே முகவரிக்குப் பின்னால் ஒளித்துவிடுகிறது. கேட்வேயின் கண்ணுக்கு உங்கள் லாட்ஜில் மொத்தம் மூன்றே பேர். முதல் மாடியில் ஒருவர் இறக்கினால் முதல் மாடி முழுக்க அவரோடு பங்கு போட வேண்டும். ஒவ்வொன்றையும் ஆக்சஸ் பாயிண்டாக (வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டியாக) மாற்றுங்கள். அதற்கான மோடு மெனுவில் இல்லாத பழைய பெட்டி என்றால், கேபிளை லேன் (உள் நெட்) ஓட்டைக்கு மாற்றி, போன்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, அதன் முகவரியைக் கேட்வேயோடு மோதாத ஒன்றாக வைத்தால் போதும். அப்போது ஒவ்வொரு போனுக்கும் கேட்வேயே முகவரி கொடுக்கும், ஒவ்வொருவரும் தனித்தனி ஆளாகத் தெரிவார்கள். அந்த முகவரிக் குவியலையும் பெரிதாக வையுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் லாட்ஜில் 100 முகவரி ஒரே நாளில் தீர்ந்துவிடும். ஒரு போனுக்கு முகவரி ஒதுக்கிவைக்கும் காலத்தை (லீஸ் டைம்) சில மணி நேரமாகக் குறைப்பதும் உதவும்.

மேலே, கேபிள்காரரின் ஃபைபர் பெட்டியும் ரவுட்டராக ஓடுகிறதென்றால் அதைப் பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை பார்க்காமல் நெட்டை அப்படியே கடத்தும் முறைக்கு) மாற்றித் தரக் கேளுங்கள். ‘அதெல்லாம் செய்ய மாட்டோம் சார்’ என்றால் விடுங்கள். அதில் வேறு எதையும் செருகாமல், அதன் வைஃபையை அணைத்து, உங்கள் கேட்வே ஒன்று மட்டும் அதில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் ஷேப்பிங் நடக்கும். ரிசப்ஷன் கணினியோ சிசிடிவி பதிவுப் பெட்டியோ நேரடியாக அதில் செருகியிருந்தால்தான் ஆபத்து. கேமரா படத்தை மேகத்துக்கு ஏற்றுகிற பெட்டி ஒன்று கேட்வேக்கு வெளியே இருந்தால் உங்கள் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும்.

இன்னொரு பொறி ஆஃப்லோடிங். ஃபயர்வால் பக்கத்தில் ஃப்ளோ ஆஃப்லோடிங் என்று ஒரு குறி இருக்கும், வேகம் கூடும் என்று சிலர் போட்டுவைப்பார்கள். அது பாக்கெட்டுகளைக் குறுக்குவழியில் அனுப்பிவிடும், ஷேப்பர் பக்கம் வரவே வராது. எடுத்துவிடுங்கள். உங்கள் டெஸ்க்டாப்புக்கு 100 எம்பி ஒரு பொருட்டே இல்லை. ஷேப்பிங் முழுக்க சிபியு வேலை, அதிலும் ஒரே கோரில் விழும் வேலை, ஆகவே மலிவு ரவுட்டரில் இதைச் செய்தால்தான் திணறும். நெட்வொர்க் அட்டை மட்டும் கொஞ்சம் நல்லதாக இருக்கட்டும், இன்டெல் சில்லு உள்ள பழைய இரட்டை போர்ட் அட்டை கிடைத்தால் விடாதீர்கள். 50 வாட் இழுக்கிற டெஸ்க்டாப் நாளுக்கு 1.2 யூனிட் தின்னும். அது உறுத்தினால் பிற்பாடு சின்னப் பெட்டிக்கு மாறிக்கொள்ளலாம். யுபிஎஸ்ஸில் கேட்வேயையும் ஃபைபர் பெட்டியையும் மாடி ஸ்விட்சையும் சேர்த்துப் போடுங்கள், ஒன்றை மட்டும் போட்டுப் பயனில்லை.

சோதிப்பது எப்படி? ஸ்பீட் டெஸ்ட் எண்ணைப் பார்க்காதீர்கள். லேப்டாப்பைக் கேபிள் வழியாகக் கேட்வேயில் செருகி, ஒரு ஜன்னலில் கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங் (போய்வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிடுங்கள். சும்மா இருக்கும்போது 10, 15 மில்லிசெகண்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பெரிய கோப்பு ஒன்றை மேலே ஏற்றுங்கள். பிங் 300க்கு எகிறினால் நோய் உறுதி. எஸ்க்யூஎம் போட்ட பிறகு அதே சோதனையில் 20, 25ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். தாண்டினால் வேகத்தை இன்னும் 3, 4 எம்பி இறக்குங்கள். தாண்டவில்லையென்றால் மெல்ல ஏற்றிப் பார்த்து, எகிறத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். போனிலிருந்து பார்க்க ஃபாஸ்ட் டாட் காம் வசதியானது. அதில் கூடுதல் விவரத்தைத் திறந்தால் பளு இல்லாதபோது எவ்வளவு தாமதம், பளு ஏறும்போது எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியே காட்டும். பகலில் அல்ல, ராத்திரி 9 மணிக்குச் செய்து பாருங்கள்.

ராத்திரியில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்களுக்கு வருவது எப்போதும் 92ஆக இருக்காது. கேபிள்காரர் தெரு முழுக்கப் பகிர்கிற வழி ராத்திரியில் 60க்கு இறங்குகிறது என்றால், 85 என்று எழுதிவைத்த உங்கள் ஷேப்பருக்கு அப்போது வேலையே இல்லை, வரிசை மறுபடி வெளியே போய்விடும். பகலில் ஜோராக ஓடி ராத்திரியில் மட்டும் அறுந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நான்கைந்து இரவுகள் அளந்து, அதில் மோசமானதை அடிப்படையாக வைத்துக்கொள்வது எளிய வழி. வழி சதா ஏறி இறங்கினால், தாமதத்தைப் பார்த்துக்கொண்டே கேக்கின் வேகத்தைத் தானாக மாற்றும் கேக் ஆட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட் ஓபன்டபிள்யூஆர்டிக்கு இருக்கிறது. 5ஜி டாங்கிள் வைத்திருக்கிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது, ஃபைபருக்குப் பெரும்பாலும் வேண்டியிருக்காது.

இதன் பெரிய அண்ணன் மாத டேட்டா அளவு. வீட்டுத் திட்டங்களில் ‘அளவில்லாதது’ என்று எழுதியிருந்தாலும் கீழே சின்ன எழுத்தில் 3300 ஜிபி போன்ற ஒரு வரம்பு இருக்கும். 36 அறை லாட்ஜ் அதை மாதம் முடிவதற்குள் தாண்டிவிடக்கூடும். தாண்டியதும் வேகம் அடியோடு இறங்கும், உங்கள் 85 வெறும் எண்ணாகிவிடும். மாதக் கடைசியில் மட்டும் சண்டை வருகிறதா என்று ரிசப்ஷனில் கேளுங்கள். வந்தால் வணிகத் திட்டத்துக்கு மாறுவதுதான் தீர்வு, எந்த மென்பொருளும் உதவாது.

வைஃபை தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். கேபிளில் பிங் சுத்தமாக இருந்து அறையில் மட்டும் மோசம் என்றால் கேட்வே குற்றமில்லை, காற்றில் நெரிசல். அந்தத் தெருவில் லாட்ஜுக்கு லாட்ஜ் ஒட்டிக்கொண்டிருக்கிறது, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளுங்கள், பெட்டியின் சக்தியைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள், நடைபாதையில் ஒன்று வைத்து மூன்று சுவரைத் துளைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெட்டி புதிதாக வாங்கினால் ஓபன்டபிள்யூஆர்டி ஏறக்கூடியதாக வாங்குங்கள். எல்லா சில்லுகளிலும் இல்லை, ஆனால் நன்றாக ஆதரவுள்ள சில சில்லுகளில் வைஃபை வரிசைக்கும் இதே எஃப்க்யூ கோடெல் முறையும், மெதுவான போன் ஒன்று காற்று நேரத்தை விழுங்காதபடி பங்கு போடும் ஏற்பாடும் கிடைக்கும்.

அறைக்கு இவ்வளவு என்று கட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஏசி அறைக்கு அதிக வேகம் என்று காசு வாங்கி விற்றால் கட்டித்தான் ஆக வேண்டும். அப்போதும் அந்தக் கட்டுக்குள் முதலில் வந்தது முதலில் போகும் வரிசையை வைக்காமல் எஃப்க்யூ கோடெல் வையுங்கள். ரிசப்ஷன் பில்லிங் கணினிக்குக் குறைந்தபட்சம் 5 எம்பி உறுதியாக வேண்டும் என்றால் லினக்ஸில் உள்ள ஹெச்டிபி என்ற வேகப் பங்கீட்டு முறை அதைச் செய்யும், உறுதி ஒரு எண், உச்சம் ஒரு எண். ஆனால் கேக்கின் ஆள் பங்கிலேயே அந்தக் கணினிக்குத் தேவையானது கிடைத்துவிடும், முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

200க்கு எப்போது மாறலாம்? ஷேப்பர் போட்ட பிறகு ராத்திரி நேரத்து வரைபடத்தை ஒரு வாரம் பாருங்கள். 85இல் மணிக்கணக்காகத் தட்டையாக ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, அந்த நேரத்தில் தீவிரமாக ஓடுகிற போன்களின் எண்ணிக்கையால் 85ஐ வகுத்தால் ஆளுக்கு 2 எம்பிக்குக் கீழே வருகிறதா? அப்போது உண்மையிலேயே பற்றாக்குறை, தாராளமாக வாங்குங்கள், வாங்கிய அன்றே எஸ்க்யூஎம் எண்களையும் மாற்றுங்கள். மறந்தால் 200 வாங்கியும் 85தான் ஓடும். அதே காசுக்கு வேறொரு நிறுவனத்தின் 100 எம்பி வழி இரண்டாவதாகக் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். தெருவைத் தோண்டி ஒரு ஃபைபர் அறுந்தாலும் மற்றது ஓடும். ஆனால் ஒவ்வொரு வழிக்கும் தனி எஸ்க்யூஎம், தனி அளவு, தனிச் சோதனை.